பாதையறியும் உயிரணுக்கள்



மீனைக் கழுவும்போது அதன் பக்கவாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? பல மீன்களில் செவுளுக்குப் பின்னாலிருந்து வால்வரை மெல்லிய கோடு ஒன்று ஓடும். அது அழகுக்காக அமைந்ததல்ல. தண்ணீரின் அசைவை உணரும் உறுப்பு. எதிரி நெருங்கினாலும் நீரோட்டம் மாறினாலும் மீன் அதை இந்தக் கோட்டின் வழியாக அறிந்துகொள்கிறது.

இந்தக் கோடு எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்த அறிஞர்கள், உயிர் வளரும் முறையைப் பற்றியே ஒரு பெரிய உண்மையைக் கண்டார்கள். அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஆய்வுக்கு உதவியது வரிக்குதிரை மீன். இந்தியா, வங்காளதேசம், நேப்பாளம் ஆகிய நாடுகளின் ஓடைகளிலும் வயல்களிலும் வாழும் சின்னஞ்சிறு மீன் இது. இதன் முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது. கருவோ கண்ணாடிபோல் தெளிவானது. ஒரே நாளில் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். உருப்பெருக்குக் கருவியின் அடியில் வைத்தால், உள்ளே நடப்பதை உயிரோடு பார்க்கலாம்.

கரு உண்டாகி ஏறக்குறைய 22 மணி நேரம் ஆனதும், காதுக்குப் பின்னால் ஏறத்தாழ நூறு உயிரணுக்கள் ஒன்றாகத் திரண்டு வாலை நோக்கிப் புறப்படுகின்றன. போகிற வழியில் ஆங்காங்கே சிறு கொத்துகளை விட்டுச் செல்கின்றன. அந்தக் கொத்துகளே பின்னர் தண்ணீரின் அசைவை உணரும். அவற்றை மூளையோடு இணைக்கும் நரம்பு இழையும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தே நீள்கிறது. ஏறக்குறைய ஒரு நாளில் பயணம் முடிகிறது.

கண்ணில்லை, காதில்லை; பிறகு வழி எப்படித் தெரிகிறது? மீனின் பக்கவாட்டில் ஓர் இரசாயனப் பொருள் கோடுபோல் சுரக்கிறது. பயணம் செய்யும் உயிரணுக்களின் மேற்பரப்பில் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அந்த ஏற்பி பழுதானால் பயணம் கெட்டுவிடும்.

ஆனால் ஒரு புதிர். கோடு தலையிலிருந்து வால்வரை ஒரே சீராக இருக்குமானால், எது முன், எது பின் என்று எப்படித் தெரியும்?

பால்மரத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதன் விடை எளிதில் விளங்கும். வெட்டு முடிந்து, வாளியோடு நிரையில் பாலெடுத்துக்கொண்டு போகிறீர்கள். எல்லா மங்கிலும் பால் இருந்தது. நீங்கள் கடந்து வந்த மங்குகள் இப்போது காலி. முன்னால் உள்ளவை நிறைந்திருக்கின்றன. எந்தப் பக்கம் போகவேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் செய்த வேலையே திசையைக் காட்டுகிறது.

உயிரணுக் கூட்டமும் இப்படியே செய்கிறது. கூட்டத்தின் பின்புறத்தில் உள்ள உயிரணுக்கள் அந்த இரசாயனத்தை உறிஞ்சி அழித்துவிடுகின்றன. ஆகவே பின்னால் குறைவு, முன்னால் அதிகம். முன்வரிசை உயிரணுக்கள் அதிகம் உள்ள பக்கம் நகர்கின்றன. ஜெர்மனியின் ஹைடல்பர்க்கிலும் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் இரு ஆய்வுக் குழுக்கள் 2013-ஆம் ஆண்டில் இதைத் தனித்தனியே நிரூபித்தன.

மீனின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். இதே இரசாயனம் எலியின் மூளையிலும் நரம்பணுக்களை உரிய இடத்தில் நிறுத்துகிறது என்பது 1998-இல் தெரியவந்தது. நம் உடலிலும் அது இருக்கிறது. தாயின் வயிற்றில் வளரும் குழந்தையின் மூளையிலும் நரம்பணுக்கள் ஓரிடத்தில் பிறந்து, வேறோர் இடத்துக்குப் பயணம் செய்கின்றன. இந்தப் பயணத்தின் பெரும்பகுதி மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் நடக்கிறது. தாய்க்கு அது தெரியாது, வலியும் இராது.

அந்தப் பயணத்தைக் குலைக்கக்கூடிய பொருள்களில் ஒன்று மது. தாய் குடித்தால் மது குழந்தையின் இரத்தத்திலும் கலக்கிறது. 1973-இல் அமெரிக்காவின் சியாட்டல் நகர மருத்துவர்கள், மிகுதியாகக் குடித்த தாய்மார்களின் குழந்தைகளிடம் கண்ட குறைகளை விவரித்தார்கள். அவர்களுள் இறந்துபோன ஒரு குழந்தையின் மூளையில் நரம்பணுக்கள் தவறான இடங்களில் தங்கியிருந்தன. அப்படிப் பாதிக்கப்பட்டுப் பிழைக்கும் குழந்தைக்குப் படிப்பிலும் நடத்தையிலும் வாழ்நாள் முழுதும் சிரமம் ஏற்படலாம். இடம் தவறிய நரம்பணுவைப் பிறகு எந்த மருந்தாலும் சரியான இடத்துக்கு அனுப்ப முடியாது.

கள் உடம்புக்குக் குளிர்ச்சி என்று சொல்பவர்கள் உண்டு. கள்ளானாலும் சம்சுவானாலும் பீரானாலும் உள்ளே இருக்கும் மது ஒன்றே. கருவுற்ற பெண்ணுக்கு இவ்வளவு குடித்தால் தீங்கில்லை என்று எந்த அளவும் இதுவரை வகுக்கப்படவில்லை. ஆகவே ஒரு மடக்கும் வேண்டாம். குடிப்பழக்கத்தை விட முடியாமல் தவிக்கும் கர்ப்பிணி, மருத்துவத் தாதியிடம் கூச்சமின்றிச் சொல்லலாம். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் குழந்தைக்கு நன்மையே. கணவர் வீட்டில் புட்டியைத் திறக்காமலிருப்பதும் அவளுக்குப் பெருந்துணை.

வழிகாட்டும் வேலையை இயற்கை செய்கிறது. அந்த வழியைக் கெடுக்காமல் காப்பது நம் பொறுப்பு.