சூரிய கிரணமும் சஸ்திர சிகிச்சையும்

(திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதியில் கூடிய நம் சங்கத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

  

அக்கினி மலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு வெயிலுக்குக் குறைவில்லை. அவ்வெயிலினால் உண்டாகும் டி வைட்டமின் என்னும் ஜீவசத்து நம்மிற் பலர்க்குக் குறைந்திருக்கிறது என்றால் நகைப்பீர்கள். யானும் நகைத்தவனே. என் தமக்கையார்க்கு நேர்ந்த துன்பம் அந்நகைப்பை மாற்றிற்று.

அவர் இவ்வூரிலேயே நெடுநாள் வசிப்பவர். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் தவறாதவர். கழுத்திலுள்ள தைராய்டுக் கோளம் வீங்கியமையால் அதனை முழுவதும் அகற்றினார்கள். சிகிச்சை இனிதே முடிந்தது. மறுநாள் மாலை உதட்டைச் சுற்றிலும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி தோன்றிற்று. இரவில் கைவிரல்கள் இழுத்துக்கொண்டன. பக்கவாதமோ என்று நடுங்கினோம். இரத்தத்தில் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைந்துவிட்டது என்று வைத்தியர் கண்டு, அதனை நரம்பு வழியாகச் செலுத்திய பின்னரே இழுப்புத் தணிந்தது. டி வைட்டமினும் குறைந்திருந்தமை அப்பொழுதுதான் வெளியாயிற்று.

இதன் காரணத்தைச் சிறிது விளக்குவேன். தைராய்டின் பின்புறத்தே சிறு மணிகள் போன்ற பாராதைராய்டுக் கோளங்கள் நான்கு உள்ளன. இரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காப்பவை அவையே. தைராய்டை அகற்றுங்கால் அவை சில நாள் சோர்ந்துபோவதுண்டு. அவ்வேளையில் குடலானது உணவிலுள்ள கால்சியத்தை நன்கு ஈர்த்தல் வேண்டும். அதற்கு டி வைட்டமின் இன்றியமையாதது. சம்பாதிப்பவன் படுத்துக்கொண்ட வீட்டில் பத்தாயமும் வெறுமையாயிருந்தால் எப்படியோ, அப்படியே அவ்வுடலின் நிலை. முதியோர் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து சிகிச்சைக்குச் செல்லும்போதும், இச்சத்தின் குறைவால் எலும்பு முன்னரே நலிந்திருத்தல் உண்டு.

வெயில் மிகுந்த நாட்டில் இக்குறைவு ஏன்? சூரியனுடைய புற ஊதாக் கிரணங்களுள் ஒரு வகை தோலிற் படும்போதே இச்சத்து உண்டாகிறது. 1919-இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் வைத்தியர் அக்கிரணங்களை விளக்கினால் உண்டாக்கிக் குழந்தைகளின் எலும்புருக்கத்தைக் குணப்படுத்தினார். நமக்கு அண்மையிலுள்ள திருப்பதியில் ஹரிநாராயண் என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும் ஆராய்ந்தபோது, நகரத்தாரிடமே அன்றி வயலில் உழைக்கும் கிராமத்தாரிடத்தும் இக்குறைவு காணப்பட்டது. அங்கே இச்சத்து நன்கு உண்டாகும் வேளை முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை என்றும் கண்டார்கள். அவ்வேளையில் நாம் வீட்டினுள் இருக்கின்றோம். நம் கிரிவலமோ பெரும்பாலும் நிலவொளியில் நடக்கின்றது. கண்ணாடிச் சாளரத்தின் வழியே வரும் வெயிலும் இதற்கு உதவாது. கருநிறத் தோலுக்கு வெயில் அதிக நேரம் வேண்டும். மரக்கறி உணவிலோ இச்சத்து மிகச் சொற்பம்.

ஆயினும், டி வைட்டமின் சர்வரோக நிவாரணி அன்று. தீவிர சிகிச்சையிலுள்ள நோயாளிகட்கு ஒரே வேளையில் 5,40,000 யூனிட் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆராய்ச்சி 2019-இல் வெளியாயிற்று. அதனால் மரணம் குறையவில்லை. கடைசி நேரத்தில் அள்ளிக் கொட்டுவதனாற் பயனில்லை என்பதை இதனால் உணர்க. மருந்துக் கடைகளில் விற்கும் 60,000 யூனிட் குளிகையை வாரம் ஒன்றாக உண்ணும்படி வைத்தியர் சொல்ல, நாள்தோறும் உண்டு கால்சியம் மிகுந்து சிறுநீரகம் கெட்டவரும் உளர். அமுதமும் அளவறிந்தே உண்ணற்பாலது.

ஆதலின் நான் வேண்டுவது இவ்வளவே. தைராய்டு, பாராதைராய்டு, எலும்பு, உடற்பருமன் ஆகியவற்றிற்குச் சஸ்திர சிகிச்சை செய்துகொள்ள நாள் குறிக்கு முன்னரே, டி வைட்டமினையும் கால்சியத்தையும் சோதித்தல் வேண்டுமா என்று வைத்தியரைக் கேளுங்கள். 20 நானோகிராமுக்குக் கீழ்ப்பட்டதைக் குறைவென்று வைத்தியர் பலர் கொள்வர். குறைவாயின், அவர் விதித்த அளவில், சில வாரங்கள் முன்னதாகவே ஈடு செய்யலாம். சிகிச்சைக்குப் பின் விரல் மரத்தாலும் உதடு துடித்தாலும் கூச்சப்படாமல் உடனே தாதியாரிடம் சொல்லுங்கள். வீட்டிலிருக்கும் தாய்மார் கோடையின் கடும் வெப்பத்தை விலக்கி, ஏனைய காலங்களில் கை கால்களில் வெயில் படச் சிறிது நேரம் முற்றத்தில் இருத்தல் நலம்.

முகூர்த்தத்திற்கு நாள் பார்க்கும் நாம், சிகிச்சைக்கு முன் இரத்தத்தையும் பார்ப்போமாக. என் தமக்கையார் இன்று நலமாயிருக்கிறார். அவர் பட்ட அச்சம் நம்மில் வேறெவரும் படவேண்டாம்.