கந்தோர் வாசலில் நின்ற பெண்கள்



பழைய மாணவிகள் கூடும் இடத்தில் அணுகுண்டுப் படங்களைப் பற்றி என்ன பேச்சு என்று நினைப்பீர்கள். துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு அது தூரத்துக் கதையல்ல. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசின. ஒரு விமானம் சீனன்குடா எண்ணெய்க் குதமொன்றில் மோத, அது பல நாட்கள் எரிந்தது. அந்தப் புகையைக் கண்டவர்களின் பேத்திகள் நாங்கள்.

1956இல் கோணேசர் மலையடியில் சுழியோடிக் கோயிற் சிதைவுகளைக் கண்ட ஆர்தர் சி. கிளார்க்கை உங்களுக்குத் தெரியும். அவரும் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கிய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' 1968இல் வெளிவந்தது. நாவலின் முடிவில் விண்வெளிக் குழந்தை, பூமியைச் சுற்றும் அணுவாயுதத்தை வானிலேயே வெடிக்கச் செய்கிறது. படத்தில் அது இல்லை. 1964இல் வந்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தைக் குண்டுகள் வெடிப்பதோடு முடித்த குப்ரிக், திரும்பவும் அதையே செய்ய விரும்பவில்லை.

அந்த 'ஸ்ட்ரேஞ்ச்லவ்'வை நாங்கள் சிரித்துச் சிரித்துத்தான் பார்த்தோம். முடிந்த பிறகு ஒருத்தி கேட்டாள்: "இதில பொம்பிளையள் எங்கயடி?" முழுப் படத்திலும் ஒரேயொரு நடிகை! பெரிய மேசையைச் சுற்றி ஆண்கள் இருந்து பேசுகிறார்கள். சாகப்போகிற ஊர் ஒன்றையும் காட்டவில்லை.

எங்களுக்கு நெருக்கமானது 1954இல் யப்பானில் எடுத்த 'கொட்சில்லா'. ரப்பர் பூதம் என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். அதற்குப் பின்னால் உண்மைச் சம்பவம் இருக்கிறது. அந்த ஆண்டு மார்ச் 1ஆம் திகதி பிகினித் தீவில் அமெரிக்கா ஐதரசன் குண்டை வெடித்தபோது, சூரைமீன் பிடிக்கப் போன 'லக்கி டிராகன்' படகிலிருந்த 23 பேர் மீதும் வெண்சாம்பல் கொட்டியது. படகின் வானொலி இயக்குநர் குபோயாமா செப்டெம்பரில் இறந்தார். சந்தைக்கு வந்த மீனைப் புதைத்தார்கள். மீனை நம்பி வாழும் ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

படத்தின் தொடக்கத்தில் கப்பலொன்று திடீரென எரிந்து மூழ்குகிறது. செய்தி கேட்ட குடும்பங்கள் கப்பற் கந்தோருக்கு ஓடிவந்து தங்கள் ஆட்களைப் பற்றிக் கேட்கின்றன. அங்குள்ளவர்களிடம் பதில் இல்லை.

அந்த இடத்தில் நாங்கள் படத்தை நிறுத்திவிட்டோம். எங்களில் இருவர் அப்படிக் கந்தோர் வாசல்களில் நின்றவர்கள். ஒருவரும் பேசவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில் அவர்களில் ஒருத்திதான் சொன்னாள்: "போடுங்கோ, மிச்சத்தையும் பாப்பம்."