எழுத்துக் கல்வியும் அயல்நாட்டு மாணவரும்

படைப்பாற்றல் பிறவியில் அமைவது. அதனைக் கற்பிக்க இயலாது என்பாருண்டு. ஆயினும் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1936ஆம் ஆண்டிலும், பிரிட்டனின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1970ஆம் ஆண்டிலும் எழுத்துப் பயிற்சியைத் தொடங்கின. ஈஸ்ட் ஆங்கிலியாவில் 1980இல் பட்டம் பெற்ற கசுவோ இஷிகுரோ 2017இல் நோபல் பரிசு எய்தினார்.

இக்கல்வியை நாடி பிரிட்டன் செல்லும் அயல்நாட்டு மாணவர் கருத வேண்டிய பொருளாதார உண்மை ஒன்றுண்டு. மாணவர் விசாவில் பட்டப்படிப்பு பயில்வோர், பாடக்காலத்தில் பொதுவாக வாரத்திற்கு 20 மணி நேரம் வரை ஊதியப் பணி செய்யலாம். சுயதொழில் செய்தல் கூடாது. எழுத்தாளரோ பெரும்பாலும் சுயதொழில் புரிபவரே. எனவே கடையில் பணிபுரிந்து ஊதியம் பெறலாம். தாம் கற்கும் கலையைத் தொழிலாக நடத்திப் பொருளீட்ட இயலாது. படிப்பு முடிந்து, 2021இல் நடைமுறைக்கு வந்த பட்டதாரி விசாவைப் பெற்ற பின்னரே அவ்வுரிமை கிட்டுகிறது.

ஆகவே எழுத்து வருவாயை நம்பிக் கல்விக் கடன் பெறுதல் விவேகமன்று. பதிப்புத் தொழிலையும் உடன் பயில்வது நலம். பிரதியைச் செம்மையாக்குதல், மெய்ப்புத் திருத்தம், உரிமை ஒப்பந்தம், அடக்கவிலைக் கணக்கு ஆகியவை எம்மொழிக்கும் பொருந்தும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகளைக் கொண்ட நம் நாட்டிற்கு, அத்தொழிலறிவுடன் திரும்பும் இளைஞர் பெரிதும் தேவை.