பல் நகரும் வேகம்

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலும் வாழும் நம்மவரிடையே, பிள்ளைகளின் கோணற்பல்லைச் சீர்செய்யும் விருப்பம் பெருகி வருகிறது. கம்பிக்கு மாற்றாகக் கண்ணாடிபோல் தெளிந்த உறைகளை வரிசையாக மாட்டும் அலைனர் முறையும் வந்துள்ளது. 1997இல் கலிபோர்னியாவில் தோன்றிய ஒரு நிறுவனம் இதைப் பரப்பியது. எண்ணமோ பழையது, 1945இலேயே கெஸ்லிங் என்னும் அமெரிக்க மருத்துவர் ரப்பர் உறையொன்றை அமைத்தார்.

"விரைவில் முடியாதா?" என்பதே பெற்றோரின் முதல் வினா. நியாயமான வினாதான். மலையிறங்கி மருத்துவரைக் கண்டு திரும்பினால் ஒருநாள் கூலி போய்விடும்.

பல், எலும்பில் அறைந்த ஆணியன்று. வேரைச் சுற்றி மெல்லிய நார்த்திசு உண்டு. உறை அழுத்தும் பக்கத்தில் சில உயிரணுக்கள் எலும்பைக் கரைக்கின்றன. மறுபக்கத்தில் வேறு சில புதிய எலும்பைக் கட்டுகின்றன. ஓர் உறை பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டரே நகர்த்தும். அளவுக்கு மிஞ்சி அழுத்தினால் அவ்விடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு நகர்வு தாமதமாகும், வேரும் தேயலாம்.

இந்த அவசரத்தையே வாணிகமாக்கியோரும் உண்டு. வாயிற் கடித்துக்கொள்ளும் அதிர்வுக் கருவிகள் விற்கப்பட்டன. அவற்றால் காலம் குறையும் என்பதற்குத் திடமான சான்று கிட்டவில்லை. எலும்பைக் கீறும் அறுவை முறையைக் கோலே என்பவர் 1959இல் விளக்கினார். அதனால் சில மாதங்கள் வேகம் கூடலாம்; பின்னர் அது தணிந்துவிடும். வலியும் செலவும் நோயாளியுடையவை.

செலவில்லாத வழி, உறையை நாள்தோறும் இருபது முதல் இருபத்திரண்டு மணி நேரம் அணிதலே. நம் தோட்டங்களில் இது எளிதன்று. கொதிக்கும் தேநீரை உறையோடு பருகினால் உறை உருக்குலையும், கறையும் ஏறும். கழற்றினால் நேரம் கரையும். ஐந்து தேநீருக்கு அரைமணி வீதம் இரண்டரை மணி. மூன்று வேளை உணவுக்கு ஒன்றரை மணி. ஆக நான்கு மணி போயிற்று. வெற்றிலையும் சேர்ந்தால் இருபது மணி எட்டாது. ஆகவே தேநீரை உணவோடு சேர்த்துப் பருகி, வாயைக் கொப்பளித்து, உடனே உறையை மாட்டுக. அடுத்த உறையை முந்தி மாற்றுவதும் மருத்துவர் சொன்னாலன்றி வேண்டாம்.

கோட்டயத்திலும் திருச்சூரிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பணம் கட்டுமுன் அங்கே ஒருமுறை கருத்துக் கேட்பது நன்று. சிகிச்சை முடிந்தபின்னும் பல்லை நிலைநிறுத்தும் உறையை இரவில் நெடுங்காலம் அணிய நேரும் என்பதையும் அப்போதே கேட்டறிக.