அடுப்படிவரை எட்டும் நன்றி



ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துக்கு வடகிழக்கே, முல்டே ஆற்றங்கரையில், ஐலன்பர்க் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பீப்பாய் செய்யும் தொழிலாளி ஒருவரின் வீட்டில் 1586-ஆம் ஆண்டு பிறந்தவர் மார்ட்டின் ரிங்கார்ட். சிறுவயதில் லைப்சிக் தோமா ஆலயத்துப் பாடகர் குழுவில் பாடினார். பிறகு அதே நகரில் இறையியல் படித்தார். வேறு சில ஊர்களில் ஊழியம் பார்த்துவிட்டு, 1617-இல் சொந்த ஊருக்கே குருவானவராக வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே முப்பதாண்டுப் போர் மூண்டது. அது ஓய்ந்தது 1648-இல். அவர் இறந்தது 1649-இல். பிறந்த மண்ணில் அவர் குடும்பம் நடத்திய காலம் ஏறக்குறைய முழுவதும் போர்க்காலம்.

மதில் சூழ்ந்த ஊர் என்பதால் சுற்றுவட்டாரத்து மக்களெல்லாம் அடைக்கலம் தேடி ஐலன்பர்க்குக்குள் வந்து குவிந்தார்கள். கூட்டம் பெருகியது, நோயும் கூடவே பெருகியது, தானியம் குறைந்தது. குருவானவர் வீடு என்று படைகளும் விட்டுவைக்கவில்லை. சிப்பாய்கள் அங்கேயும் தங்கினார்கள். இருந்ததை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்படிப்பட்ட நாட்களில்தான் ரிங்கார்ட் ஒரு சிறு பாட்டு எழுதினார். தாயின் கையில் குழந்தையாக இருந்த நாள்முதல் இதுவரை காத்த கடவுளுக்கு நன்றி சொல்வது முதல் சரணம். மகிழ்ச்சியுள்ள மனமும் சமாதானமும் தரும்படி கேட்பது இரண்டாவது சரணம். மூன்றாவது, திரியேகக் கடவுளுக்குத் துதி. அவ்வளவுதான். பின்னாளில் உலகம் முழுவதும் லுத்தரன் ஆலயங்களில் முழங்கிய பாட்டு இது. தமிழ்ச் சபைகளின் ஞானப்பாட்டுப் புத்தகத்திலும் இடம்பிடித்து, இன்றும் நன்றி ஆராதனைகளில் பாடப்படுகிறது. 1647-இல் யோஹான் குரூகர் வெளியிட்ட தொகுப்பில் கிடைத்த ராகம்தான் இன்றுவரை வழங்குகிறது. இசையமைப்பாளர் பாக் அதை எடுத்து இசைக்கோவைகள் அமைத்தார். இன்னோர் இசையமைப்பாளரான மென்டல்சோன் 1840-இல் தம் துதிக் கீதத்தில் சேர்த்துக்கொண்டார். 1757-இல் லாய்தன் போர் முடிந்த இரவில் பிரஷ்யப் படைவீரர்கள் இதைப் பாடினார்கள் என்பார்கள். 1955-இல் சோவியத் சிறைமுகாம்களிலிருந்து திரும்பி வந்த ஜெர்மானியர்கள், தாய்மண்ணில் கால் வைத்ததும் பாடியது இதைத்தான்.

இவ்வளவு பெரிய மேடைகளில் ஏறிய பாட்டுக்கு, 1663-இல் அச்சான ரிங்கார்ட்டின் புத்தகத்தில் உள்ள தலைப்பு என்ன தெரியுமா? ‘சின்னச் சாப்பாட்டு ஜெபம்’. வெற்றி விழாவுக்காகவோ அரசர் முன்னிலைக்காகவோ எழுதப்பட்டது அல்ல. ஒரு வீட்டார் சாப்பிட உட்காரும்போது சொல்லிக்கொள்ள எழுதியது.

போர் முடிந்து சமாதான உடன்படிக்கை கையெழுத்தான மகிழ்ச்சியில் 1648-இல் இதை எழுதினார் என்று ஒரு கதை நெடுங்காலம் வழங்கிவந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டு அதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தியது. 1636-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலோரின் கருத்து. அதாவது, நன்மை வந்து சேர்ந்த பிறகு சொன்ன நன்றி அல்ல அது. ரிங்கார்ட்டின் வாழ்க்கையிலேயே மிகக் கொடிய ஆண்டு அதன் பிறகுதான் வந்தது.

1637-இல் ஐலன்பர்க்கில் கொள்ளைநோய் பரவியது. ஊரில் இருந்த மூத்த குருவானவர் ஒருவர் வெளியேறிவிட்டார். இரண்டு பேர் நோயில் இறந்தார்கள். அவர்களை அடக்கம் செய்ததும் ரிங்கார்ட்தான். அதன்பின் ஊருக்கு அவர் ஒருவரே குருவானவர். சில நாட்களில் 40, 50 பேருக்குக்கூட அடக்க ஆராதனை நடத்த வேண்டியிருந்தது. அந்த நோய்க்காலத்தில் ஏறக்குறைய 4,480 பேரை அவர் அடக்கம் செய்தார் என்று வரலாறு குறித்துவைத்திருக்கிறது. அவர்களில் ஒருத்தி அவருடைய மனைவி. 1637 மே மாதம் அவள் இறந்தாள்.

நோயைத் தொடர்ந்து பஞ்சம். செத்த பூனைக்கும் காக்கைக்கும் தெருவில் மனிதர்கள் அடித்துக்கொண்டார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ரிங்கார்ட் தம்மிடம் இருந்ததையெல்லாம் பகிர்ந்து கொடுத்துவிட்டு, தம் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் தேட வரப்போகும் வருமானத்தின் மேல் கடன் வாங்கினார். 1639-இல் ஸ்வீடன் படை வந்து 30,000 தாலர் கப்பம் கேட்டது. தளபதியிடம் போய்க் கெஞ்சினார், நடக்கவில்லை. மனிதரிடம் இரக்கம் கிடைக்கவில்லை, கடவுளிடமே போவோம் என்று சொல்லி, கூடியிருந்த மக்களோடு அங்கேயே முழங்காலிட்டு ஜெபித்தார். கப்பம் கடைசியில் 2,000 குல்டனாகக் குறைந்தது.

இந்தக் குடும்பத்தில் நன்றி எப்படி நிலைத்திருக்க முடிந்தது? நல்ல காலம் வரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கிடைத்த ரொட்டித்துண்டுக்கு முன்னால் தினமும் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பார்கள். மனம் தளர்ந்த நாளிலும் வாய்க்கு அந்தப் பழக்கம் இருந்திருக்கும். கிறிஸ்தவக் குடும்பத்தின் மகிழ்ச்சி என்று பேசும்போது பலரும் சிரித்த முகங்களையும் கிறிஸ்துமஸ் அலங்காரத்தையும் நினைக்கிறார்கள். அதைவிட அடிப்படையானது இந்தத் தினசரிப் பழக்கம்.

இந்தப் பழக்கத்தை ரிங்கார்ட் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு நூறாண்டு முந்தி, 1529-இல், மார்ட்டின் லுத்தர் சிறிய ஞானோபதேசம் என்ற புத்தகத்தை வெளியிட்டார். வீட்டுத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றே அது எழுதப்பட்டது. காலையில் எழுந்ததும் ஒரு ஜெபம், படுக்கப் போகும்போது ஒரு ஜெபம், சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று. ஆலயத்தில் நடப்பதை வீட்டுக்குள் கொண்டுவந்த சிறு புத்தகம் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே புத்தகம் தமிழுக்கும் வந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு முதலில் செய்த மொழிபெயர்ப்புகளில் இதுவும் ஒன்று. இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் சாயங்காலம் பாய் விரித்து நடக்கும் குடும்ப ஜெபத்துக்கு உள்ள பல வேர்களில் ஒன்று அந்தக் கடற்கரையில் இருக்கிறது.

லுத்தருடைய வீடு எப்படி இருந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அவர் 1525-இல் மணந்த கத்தரீனா ஃபான் போரா, கன்னியர் மடத்திலிருந்து தப்பி வந்தவர். விட்டன்பர்க்கில் பழைய துறவியர் மடம் ஒன்றுதான் அவர்களுக்கு வீடு. பிள்ளைகள் ஆறு பேர். அது போக அநாதைகளான உறவுக்காரப் பிள்ளைகள், தங்கிப் படிக்கும் மாணவர்கள், அழையாமல் வரும் விருந்தாளிகள். இவ்வளவு பேருக்கும் சமையல், தோட்டம், ஆடுமாடு, பியர் வடிப்பது, கணக்கு வழக்கு எல்லாம் கத்தரீனாவின் தலையில். லுத்தரோ கையில் இருப்பதை யாருக்காவது கொடுத்துவிடுகிறவர். அந்த வீடு ஓடியது அந்த அம்மாளால். லுத்தருக்கே அது தெரியும். கடிதங்களில் மனைவியைத் தம் எஜமானர் என்றே செல்லமாக அழைத்தார். அந்த வீட்டில் பாட்டும் வீணை போன்ற லூட் இசையும் உண்டு. தேவதூதன் குழந்தைகளுக்குச் செய்தி சொல்வதுபோல அவர் இயற்றிய கிறிஸ்துமஸ் பாட்டு, தம் பிள்ளைகளுக்காகவே எழுதியது என்று சொல்வார்கள்.

திருமணத்துக்கு மூன்று ஆண்டு முந்தி, 1522-இல், இல்லற வாழ்வைப் பற்றி அவர் எழுதிய நூலில் ஓர் இடம் வருகிறது. ஒரு தகப்பன் குழந்தையின் அழுக்குத் துணியை விசுவாசத்தோடு துவைக்கிறான். பார்க்கிறவர்கள் அவனைப் பெண்பிள்ளை வேலை செய்கிறான் என்று கேலி செய்கிறார்கள். ஆனால் கடவுள் தம் தூதர்களோடு சேர்ந்து முகம் மலருகிறார். துணி துவைக்கிறான் என்பதற்காக அல்ல, அவன் விசுவாசத்தோடு செய்கிறான் என்பதற்காக. துறவு வாழ்க்கைதான் உயர்ந்தது, குடும்பம் அதற்கு ஒரு படி கீழே என்று நம்பிய காலத்தில் இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். குழந்தைக்குப் பாலூட்டுவதும், இரவில் விழித்திருப்பதும், துணி துவைப்பதும் கடவுளுக்குச் செய்கிற ஆராதனை என்றால், அந்த வேலைகளில் சலிப்பு மட்டுமே இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நன்றி சொல் என்று ஒருவர் இன்னொருவரின் வாயை அடைக்கலாம். குடித்துவிட்டு அடிக்கிற கணவனோடு வாழ்கிற பெண்ணிடம், எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் பண்ணு என்று உபதேசிக்கிற சபையார் உண்டு. அது தவறு. அவளுக்குத் தேவை பாதுகாப்பு. கிறிஸ்தவ மரபில் அழுகைக்கும் இடம் உண்டு. சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்களே ஏராளம். லுத்தரின் மகள் மக்தலேனா 1542 செப்டம்பரில் இறந்தாள். வயது 13. தகப்பன் கைகளில் கிடந்தே உயிர் பிரிந்தது. மூன்று நாள் கழித்து நண்பர் யுஸ்டஸ் யோனாஸுக்கு லுத்தர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. மகள் இவ்வளவு நல்ல முடிவை அடைந்ததற்காகத் தாமும் மனைவியும் நன்றிதான் சொல்ல வேண்டும், ஆனால் பெற்ற பாசம் விடவில்லை, விம்மி அழாமல் இருக்க முடியவில்லை என்று அதில் சொல்கிறார். ஐரோப்பாவையே தம் பேச்சால் அசைத்த மனிதர் அவர். தம் வீட்டுத் துக்கத்தை மறைக்கவில்லை. நன்றியும் அழுகையும் ஒரே கடிதத்தில் இருக்கின்றன.

நம் நாட்டுக்கு வருவோம். மிசோரம் மாநிலத்தில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே காணிக்கை போடக் காசு இல்லாத பெண்கள் ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுவது. சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் அதைச் சேகரிப்பார்கள். விற்ற பணம் ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் போகும். பிடி அரிசி என்றால் நமக்கும் பழக்கமான வழிதான். ஆனால் மிசோ மக்கள் அதைத் தலைமுறை தலைமுறையாக, வீடு தவறாமல் கடைப்பிடித்தார்கள். இன்று அந்தப் பிடி அரிசியால் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாய் சேர்கிறது. சாப்பிட ஏதாவது இருக்கிறவரை கடவுளுக்குக் கொடுக்கவும் ஏதாவது இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை ஒவ்வொரு நாளும் கையால் செய்து காட்டுவது, அடுப்புக்கு முன்னால் நிற்கிற பெண்.

தமிழ்ச் சபைகளிலும் நன்றிக்குக் குறைவில்லை. பிறந்தநாள் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்கு முன்னால் போய்க் காணிக்கை படைக்கும். திருமண நாள் கொண்டாடும் தம்பதியருக்கு ஜெபம் உண்டு. அறுப்பின் பண்டிகைக்கு வாழைத்தார், பூசணி, கோழி எல்லாம் ஆலயத்துக்கு வரும், ஏலம் போகும். நெல்லைச் சீமையில் அசனப் பண்டிகை என்றால் சாதி, சமயம் பாராமல் ஊரே உட்கார்ந்து சாப்பிடும். ஸ்தோத்திர காணிக்கை உறையின் மேல் காரணமும் எழுதுவார்கள்: மகனுக்கு வேலை கிடைத்ததற்காக, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காக, புது வீடு கட்டி முடித்ததற்காக. எல்லாம் நல்ல காரணங்கள். ஆனால் இன்றைக்கும் வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம் என்பதற்காக யாரும் உறை போட்டதில்லை. இருபது வருஷமாக விடியற்காலையில் எழுந்து காப்பி போடுகிற கைக்காகவும் யாரும் உறை போட்டதில்லை.

நன்றி பல வீடுகளில் தடுக்கி விழும் இடம் இதுதான். சாப்பாட்டு ஜெபம் சொல்லும்போது, சமைத்தவள் இன்னும் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். ஆகாரத்துக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லி ஆமென் போட்டாயிற்று. அவளுக்கு ஒரு வார்த்தை இல்லை. எல்லோரும் எழுந்த பிறகு, ஆறிப்போனதை அவள் தனியாகச் சாப்பிடுவாள். கத்தரீனாவின் வீட்டுக்காரர் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களைப் படித்தவர்களுக்கு இது உறுத்தும்.

ஆகவே நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு சாப்பிட உட்காருங்கள், ஆனால் உடனே ஜெபம் சொல்லாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு அம்மாவோ மனைவியோ மருமகளோ வந்து உட்காரும்வரை காத்திருங்கள். அப்பா சமைத்திருந்தால் அவருக்கும் இது பொருந்தும். ஜெபத்தில் அவர்கள் பெயரைச் சொல்லி, அன்று அவர்கள் செய்த ஒரு காரியத்தையும் சொல்லி நன்றி கூறுங்கள். பெரியவர்கள் கூச்சப்பட்டால் பிள்ளைகள் தொடங்கட்டும். நாளைக்கும் அதையே செய்யுங்கள்.