சிண்டிகேட்டை விசாரிக்கும் நாற்காலி

(சட்ட மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை எழுதுகிறவன், வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவன், இந்தியப் போட்டி ஆணையத்துக்குக் கீழ்மட்டச் சட்ட அதிகாரிகளை எப்படி எடுக்கிறார்கள் என்று பேச வந்திருக்கிறேன். கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் வேலை என்றதும் நம்ம பிள்ளைகளுக்குத் தெரிவது போலீஸ், வாத்தியார், வங்கி, டி.என்.பி.எஸ்.சி. அதற்கு அந்தப் பக்கம் டெல்லியில் என்னென்ன ஆணையங்கள் இருக்கின்றன, அங்கே யார் கோப்பு எழுதுகிறார்கள் என்று நாம் கேட்பதே இல்லை. கேட்காத இடத்தில் அவர்கள் வசதியாக உட்கார்ந்துகொள்கிறார்கள்.

முதலில் இந்த ஆணையம் என்ன என்று பார்த்துவிடுவோம். அரசியல் சட்டத்தின் 39ஆவது பிரிவில், செல்வமும் உற்பத்திச் சாதனங்களும் பொதுநலனுக்குக் கேடாக ஒருசிலர் கையில் குவியக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அந்த வரியின் பெயரில் 1969இல் ஏகபோகத் தடைச் சட்டம் வந்தது. பிறகு தாராளமயம். அந்தச் சட்டத்தை ஓரங்கட்டிவிட்டு 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஆணையம் 2003இல் அமைந்தது. ஆனால் விசாரித்துத் தண்டிக்கும் பிரிவுகள் 2009 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தன. கம்பெனிகள் கூடிப் பேசி விலையை ஏற்றுவது, சந்தையைப் பங்குபோட்டுக்கொள்வது, டெண்டரில் சிண்டிகேட் போடுவது, பெரிய கம்பெனி சின்னவனை நசுக்குவது இதையெல்லாம் விசாரிப்பது இதன் வேலை. 2012இல் 11 சிமென்ட் கம்பெனிகள் மீது சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் போட்டது இந்த ஆணையம்தான். அந்த வழக்கு மேல்முறையீடு, மறுவிசாரணை என்று உச்ச நீதிமன்றம் வரை போனது தனிக்கதை.

'இது முதலாளிக்கும் முதலாளிக்கும் நடக்கிற சண்டை, இதுல சேரிக்காரனுக்கு என்ன வேலை?' என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த நாட்டின் மிகப் பழைய சிண்டிகேட் எது? யார் எந்தத் தொழில் செய்யலாம், யார் கடை வைக்கலாம், யார் வீட்டில் யார் தண்ணீர் எடுக்கலாம் என்று பேசிவைத்துக்கொண்டு, மீறியவனை ஊரைவிட்டு ஒதுக்கி வைக்கிற ஏற்பாடுதானே சாதி? கீழத்தஞ்சையில் கூலியை உயர்த்திக் கேட்டபோது நிலவுடைமையாளர்கள் தனித்தனியாகவா எதிர்த்தார்கள்? நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று பெயர் வைத்து ஒன்றாகச் சேர்ந்து எதிர்த்தார்கள். 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில் அது 44 உயிர்களில் போய் முடிந்தது. போட்டிச் சட்டம் அங்கே ஒன்றும் செய்திருக்காது, அது அதற்கான சட்டமும் இல்லை. நான் சொல்ல வருவது, மேலே இருப்பவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தால் கீழே இருப்பவனுக்கு என்ன ஆகும் என்பது நமக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று பாருங்கள். மருந்து விற்பனையாளர் சங்கங்கள் மீது இந்த ஆணையம் பல ஆணைகள் போட்டிருக்கிறது. 2013இல் அகில இந்தியச் சங்கத்தின் மீதே அபராதம் விதித்தது. குற்றச்சாட்டு என்ன? புதிதாக மருந்து மொத்த வியாபாரம் செய்ய வருகிறவன் சங்கத்திடம் 'ஆட்சேபணை இல்லை' என்று கடிதம் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனி சரக்கு தராது. அரசு உரிமம் கையில் இருந்தாலும் சங்கத்தின் தயவு வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு ஊர்க்கூட்டம்தான் ஞாபகம் வந்தது. நகரத்துப் பிள்ளை இதை வியாபார வழக்கமென்று படித்துவிட்டுப் போவான். ஊர்த்தெருவில் டீக்கடை வைக்க முடியாத அப்பனுக்குப் பிறந்த பிள்ளை வேறு மாதிரி படிப்பாள்.

இன்னும் நெருக்கமாக வருகிறேன். 2018இல் ஆணையம் தீர்த்த வழக்குகளில் சில, புனே மாநகராட்சியின் குப்பை பதப்படுத்தும் ஆலைகளுக்கான டெண்டர் பற்றியவை. கம்பெனிகள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு டெண்டர் போட்டது நிரூபணமானது. குப்பை யார் கையில் அள்ளப்படுகிறது என்று இந்த அரங்கில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அள்ளுகிறவர்கள் நம்ம ஜனங்கள். ஆலை ஒப்பந்தத்தில் பேசிவைத்துக்கொள்கிறவர்கள் வேறு ஆட்கள். அதிகமாகப் போகிற ஒவ்வொரு ரூபாயும் மாநகராட்சி கஜானாவிலிருந்து போகிறது. கையுறைக்கும் காலணிக்கும் கேட்டால் 'நிதி இல்லை' என்று சொல்கிற அதே கஜானா. அந்தக் கோப்பை முதலில் புரட்டுகிறவர் யார் என்பதில் நமக்கு அக்கறை இருக்க வேண்டாமா?

ஏன் கீழ்மட்ட அதிகாரி என்று அழுத்திச் சொல்கிறேன்? புகார் ஒன்று வந்தால் முகாந்திரம் இருக்கிறதா என்று ஆணையம் பார்க்கிறது. இருந்தால் தலைமை இயக்குநரிடம் விசாரணைக்கு அனுப்புகிறது, இல்லாவிட்டால் கோப்பை மூடுகிறது. கையெழுத்துப் போடுவது உறுப்பினர்கள். ஆனால் கட்டுக்கட்டான காகிதத்தைப் படித்து, சாரத்தை எடுத்து, குறிப்பு எழுதி மேலே அனுப்புவதற்குக் கீழே ஆள் வேண்டும். எந்த அலுவலகத்திலும் இதுதான் நிலைமை. எங்கள் வங்கியிலும் கடன் மனு மேலாளர் மேசைக்குப் போவதற்கு முன்பு குறிப்பு எழுதுகிறவனின் பேனா பாதி முடிவைச் செய்துவிடுகிறது.

சரி, இந்தப் பேனாவை யாரிடம் கொடுக்கிறார்கள்? மூன்று வாசல் இருக்கிறது.

முதல் வாசல் அயற்பணி. வருவாய்த் துறை, கம்பெனி சட்டப் பணி மாதிரியான இடங்களிலிருந்து அதிகாரிகளைச் சில வருடங்களுக்குக் கடன் வாங்குகிறார்கள். அயற்பணியில் நிரப்பும் இடத்துக்கு இடஒதுக்கீடு கிடையாது. அப்படி நிரப்பும் இடங்கள் கணிசமாக இருந்தால் நம்மவர்களுக்கு நியாயமான பங்கு தர முயல வேண்டும் என்று அரசு குறிப்பு சொல்கிறது. முயல வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது வாசல் நேரடி நியமனம். இங்கே இடஒதுக்கீடு உண்டு. பட்டியல் சாதிக்கு 15 விழுக்காடு, பழங்குடிக்கு 7.5, பிற்பட்டோருக்கு 27. ஆனால் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனியுங்கள். மத்திய அரசின் சுழற்சிப் பட்டியலில் பட்டியல் சாதிக்கான முதல் இடம் 7ஆவது, அடுத்தது 15ஆவது, அதற்கடுத்தது 20ஆவது. பழங்குடிக்கு முதல் இடமே 14ஆவது. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: 20 பணியிடங்களை ஒரே அலகாக எடுத்தால் நமக்கு 3, பழங்குடிக்கு 1. அதே 20ஐச் சட்டம் 6, பொருளாதாரம் 6, நிதிப் பகுப்பாய்வு 8 என்று மூன்று தனி அலகாகப் பிரித்துப் பாருங்கள். சட்டத்தில் நமக்குச் சுழியம், பொருளாதாரத்தில் சுழியம், நிதியில் 1. பழங்குடிக்கு எங்குமே இல்லை. யாராவது ஓய்வுபெற்றோ விலகியோ அந்த இடம் சுழன்று வருகிறவரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு விதியையும் மீறாமல், கூட்டலைப் பிரித்துப்போட்டே நம்மை வெளியே நிறுத்த முடியும். பல்கலைக்கழகங்களில் துறையை அலகாகக் கொள்வதா, முழுப் பல்கலைக்கழகத்தையும் அலகாகக் கொள்வதா என்று பெரிய போராட்டம் நடந்து, 2019இல் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது ஞாபகம் இருக்கும். அதே கேள்வியை இந்த மாதிரிச் சின்ன ஆணையங்களில் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

மூன்றாவது வாசல் ஒப்பந்தம். சட்டம் படித்து இப்போதுதான் வெளியே வந்தவர்களை 'யங் புரொஃபெஷனல்' என்ற பெயரில் குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கிறார்கள். விளம்பரம், மனு, வடிகட்டல், நேர்காணல். உங்களுக்கு எட்டக்கூடிய முதல் படி இதுதான். இங்கே ஓர் உண்மையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களில் இடஒதுக்கீடு உண்டு என்பது மத்திய அரசின் பழைய ஆணை. 2022 நவம்பரில் அதைத் திரும்பவும் வலியுறுத்தினார்கள். 2023இல் உச்ச நீதிமன்றத்திலும் அரசு அதையே சொன்னது. ஆகவே எந்த ஆணையமாக இருந்தாலும், ஒரு வருட ஒப்பந்த விளம்பரத்தில் இடஒதுக்கீட்டு வரி இல்லை என்றால், 'ஏன் இல்லை?' என்று எழுதிக் கேட்கலாம். கேட்டால் நடக்கும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் இணைச் செயலாளர் முதலான 45 உயர்பதவிகளுக்கு வெளியிலிருந்து ஆளெடுக்க விளம்பரம் வந்தது, இடஒதுக்கீடு இல்லாமல். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள்.

அடுத்தது 'திறமை'. போட்டிச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, ஆணையம் அமர்த்திக்கொள்ளும் வல்லுநர்கள் நேர்மையும் தலைசிறந்த திறமையும் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. இருக்கட்டும், நாம் மறுக்கவில்லை. ஆனால் அதை எதை வைத்து அளக்கிறீர்கள்? எங்கள் வங்கி எழுத்தர் வேலைக்கு இன்று நேர்காணல் கிடையாது. எழுத்துத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்தான். மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரியிலிருந்து நேர்காணலை எடுத்துவிட்டார்கள். நேர்காணலில் பாரபட்சமும் சிபாரிசும் நுழைகிறது என்பதுதானே காரணம்? அங்கே ஒத்துக்கொண்ட உண்மை, சட்டப் பட்டதாரியை எடுக்கும்போது மட்டும் எப்படி மறந்துபோகிறது? 'எந்தக் கல்லூரி? அப்பா என்ன செய்கிறார்? எந்த மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருந்தாய்?' இந்த மூன்று கேள்வியில் சாதி தெரிந்துவிடும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடக் கட்டணமே லட்சக்கணக்கில். அரசு சட்டக் கல்லூரியில் படித்துவிட்டு மாவட்ட நீதிமன்ற வாசலில் நிற்கிற பிள்ளைக்கு, டெல்லியில் ஒரு மாதம் அறை எடுத்துப் பயிற்சி பெற முடியாதது திறமைக் குறைவா, பணக் குறைவா?

பொருளாதாரத்தையும் சட்டத்தையும் சேர்த்துப் படித்த ஆள்தான் இந்த வேலைக்குத் தேவை என்கிறார்கள். நல்லது. 1923இல் லண்டனில் ரூபாயின் சிக்கல் பற்றி ஆய்வெழுதிப் பட்டம் பெற்று, அதே நகரத்தில் பாரிஸ்டருக்கும் படித்தவர் அண்ணல் அம்பேத்கர். நாம் அவரைச் சிலையாகத்தான் பார்த்துப் பழகிவிட்டோம். பொருளாதார நிபுணராகப் படிப்பதை யாருக்கோ விட்டுவிட்டோம்.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. உள்வகைப்பாடு செல்லும் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மத்திய நியமனங்களில் அப்படி ஒன்றும் இல்லை. எனவே நமக்குக் கிடைக்கிற அந்த ஒரு இடத்துக்கு யாரைத் தயார் செய்கிறோம் என்று இயக்கம் யோசிக்க வேண்டும். குப்பை டெண்டர் கோப்பைப் படிக்கத் துப்புரவுத் தொழிலாளியின் மகள் போவது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

'ஒருத்தன் போய் உட்கார்ந்தா ஆணையம் மாறிடுமா?' என்று கேட்பீர்கள். மாறாது. போனவர் அதிகாரியாகி நம்மை மறந்துவிடுவதும் நடக்கிறது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதனால் போகாமல் இருந்துவிடலாமா? அவர்கள் ஒருநாளும் அப்படி யோசிப்பதில்லை. போகிறவரைக் கேள்வி கேட்க வெளியே இயக்கம் இருக்க வேண்டும். இயக்கம் கேட்பதற்கு உள்ளே ஓர் ஆளும் இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? மூன்று காரியம் சொல்கிறேன்.

ஒன்று, தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். ஆணையத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை? அயற்பணி, நேரடி, ஒப்பந்தம் என்று பிரித்தால் ஒவ்வொன்றிலும் எத்தனை பேர்? அதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை? சுழற்சிப் பதிவேட்டை எந்த அலகில் பராமரிக்கிறீர்கள்? 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. பதிலில் ஓட்டை தெரிந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தில் இடஒதுக்கீட்டைக் கவனிக்கும் தொடர்பு அலுவலருக்கும், தாழ்த்தப்பட்டோர் தேசிய ஆணையத்துக்கும் எழுதுங்கள்.

இரண்டு, ஆணையம் தென்மாநிலங்களுக்காகச் சென்னையில் 2021இல் வட்டார அலுவலகம் திறந்திருக்கிறது. நேர்காணலையும் பயிற்சியையும் இங்கேயே நடத்தச் சொல்லி மாணவர்கள் மனுக் கொடுக்க வேண்டும். டெல்லிக்கு ரயில் ஏறக் காசில்லாதவன் தகுதியில்லாதவன் ஆகிவிடக் கூடாது.

மூன்று, படிப்பு வட்டம். மாதம் ஒரு ஆணை. சிமென்ட் வழக்கு, மருந்துச் சங்க வழக்கு, புனே குப்பை வழக்கு என்று வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆணைகள் எல்லாம் பொதுவில் கிடைப்பவைதான். ஆங்கிலம் கடினமாக இருக்கும். நான்கு பேர் சேர்ந்து படித்தால் விளங்கிவிடும். கணக்குப் புரியாத இடத்தில் என்னைக் கூப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வங்கி விடுமுறைதான், வருகிறேன்.

தகவல் உரிமை மனுவின் மாதிரி ஒன்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொண்டு போங்கள். போன கையோடு போட்டும் விடுங்கள்.

ஜெய்பீம்.