திரையில் பச்சை, தாளில் வேறு

பி.எச். வண்ண அட்டவணையைக் கணினியிலிருந்து அச்சிட்டு ஆய்வகச் சுவரில் ஒட்டியிருந்தேன். உப்புக் கரைசலைச் சோதித்த பத்தாம் வகுப்பு மாணவி 6 என்று எழுதினாள். 7 தானே என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன். “சுவரில் பாருங்க சார்” என்றாள். பார்த்தேன். 7-க்குரிய பச்சை, அச்சில் நீலமாக மாறியிருந்தது.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சுப்பொறியோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் காட்டுகிறது. ஒவ்வொரு கருவியும் நிறத்தைக் காட்டும் விதத்தை அளந்து பதிவதே நிறப் புரொஃபைல். 1993-இல் தொடங்கிய ஐ.சி.சி. அமைப்பு அதற்குப் பொது வடிவம் தந்தது.

அளக்கும் கருவி நம் பள்ளிகளில் இல்லை. ஆகவே, நிறங்காட்டித் தாளுடன் வரும் அட்டையையே பயன்படுத்துவோம். அவள் மதிப்பெண்ணைத் திருத்திவிட்டேன்.